சுடுகிற அம்மா, சுடாத மகன்

1

போன மாதம் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எனக்கு ஒரு வெள்ளீயக் குவளை தந்தார்கள். சேர்ந்து பத்து வருடம் ஆனவர்களுக்குக் கொடுப்பது அது. தலைவர் வால்ட்டர் என் பெயரை இரண்டு மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்து, கடைசியில் சரியாகவே 'மலர்' என்றார். மண்டபம் கைதட்டியது. குவளைக்கா, உச்சரிப்புக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

இவர், என் கணவர், அதைப் படம் எடுத்து, பக்கத்தில் நான் துவக்கோடு நிற்கிற பழைய படம் ஒன்றையும் சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஊரில், கொக்குவிலில் இருந்து மச்சாள் உடனே தொலைபேசி எடுத்தாள்.

"எடியே, என்னடி இது? தோல் சட்டையும் துவக்கும். உனக்கு மண்டை கழண்டிட்டுதோ?"

"விளையாட்டு மச்சாள். இலக்குப் பாத்துச் சுடுறது."

"துவக்குக்குப் பயந்துதானே நீ உங்க ஓடினனீ?"

"ஓம்."

"பிறகு?"

தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்றேன். அப்படியென்றால் எழுது, ஆறுதலாக வாசிக்கிறேன் என்றாள். அதனால் இது.

2

நான் சுவிஸில், பீல் நகரத்தில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். முள் பொருத்துவது என் வேலை. மணி முள், நிமிட முள், நொடி முள். சின்ன இடுக்கியால் எடுத்து, நடு அச்சில் வைத்து, மெல்ல அழுத்த வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் முகப்பில் கீறல் விழும். கீறல் விழுந்த முகப்பு குப்பைக்குத்தான் போகும்.

2009ஆம் ஆண்டில், ஊரில் போரின் கடைசி மாதங்களில், வார இறுதியானால் எல்லாரோடும் சேர்ந்து ஜெனீவாவுக்குப் போய், பதாகை பிடித்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை திரும்ப மேசைக்கு வந்து முள் பொருத்தினேன். என் தம்பி சுதன் வன்னிக்குள் இருந்தான். வைகாசிக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. எந்தப் பக்கத்துக் குண்டு, எந்த இடம், எந்த நாள், ஒன்றும் இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் என் கை நடுங்கத் தொடங்கியது. ஒரே கிழமையில் எத்தனையோ முகப்புகளைக் கீறினேன். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். ஏசாமல் என்னைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார். அங்கே நடுங்குகிற கையாலும் பெட்டி மடிக்கலாம். ஆனால் அங்கிருந்து ஒருவரும் திரும்பி மேசைக்கு வந்ததில்லை.

எனக்கு அடுத்த மேசையில் இருந்தவள் ரூத். என் வயதுதான். மலையோரக் கிராமம் ஒன்றில் தனியாக இருக்கிறவள். ஒரு நாள் கோப்பி இடைவேளையில் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னதை நான் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"கையில பிழை இல்லை, மலர். நீ மூச்சை அடக்கி வைச்சிருக்கிறாய். பாதி மூச்சை வெளியில விடு. விட்டுட்டுப் பொறு. அந்த இடத்தில உடம்பு தானாகவே அசையாமல் நிக்கும். அப்ப செய்."

"இதை எங்க படிச்சனீ?"

"சுடுற இடத்தில."

அவள் முந்நூறு மீற்றர் தூரத்து இலக்கைப் படுத்தபடி சுடுகிற போட்டிகளுக்குப் போகிறவள் என்று அன்றுதான் தெரியும். அடுத்த சனிக்கிழமை வந்து பார் என்றாள். நான் துவக்கைப் பார்க்கப் போகவில்லை. ரூத்தின் கை எப்படி அசையாமல் இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

வாசலில் பெயர் பதிகிறவர் எந்த நாட்டவர் என்று கேட்டார். இலங்கை என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. சில நாட்டவர்கள் இங்கே துவக்கைத் தொடவே கூடாது என்று சட்டம் இருக்கிறது, அந்த நாடுகளில் உங்கள் நாடும் ஒன்று என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனால் பாக்கலாம். கோப்பி குடிக்கலாம்," என்று அவசரமாகச் சேர்த்தார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. தொடச் சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்த இரண்டு வருடம் நான் ரூத்தின் பின்னால் ஒரு தொலைநோக்கியோடு உட்கார்ந்தேன். காற்றுக் கொடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்வது என் வேலை. முதல் சில கிழமை ஒவ்வொரு வெடிக்கும் என் உடம்பு கதிரையை விட்டு எழும்பியது. காதை மூடுகிற கவசத்துக்கு மேலே கையையும் வைத்துப் பொத்திக்கொண்டேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். இங்கே வெடிச் சத்தத்துக்கு நேரசூசி இருந்தது. கிராம சபையின் பலகையில் அது ஒட்டியிருந்தது. சாப்பாட்டு வேளையில் சத்தம் இல்லை. தேவாலய மணி அடிக்கிற நேரத்தில் சத்தம் இல்லை. வால்ட்டர் மணியை அழுத்தினால் எல்லாரும் அந்தக் கணமே நிறுத்திவிட்டுத் துவக்கைத் திறந்து வைப்பார்கள். ஊரில் எனக்குத் தெரிந்த சத்தம் ஒருநாளும் சொல்லிவிட்டு வந்ததில்லை. நிறுத்து என்றால் நிறுத்துகிற ஒரு வெடிச் சத்தத்தை நான் முதன்முதலில் கண்டது அங்கேதான்.

முதல் பனிக்காலம் வருவதற்குள் கை நடுக்கம் நின்றுவிட்டது. ரூத் மேற்பார்வையாளரிடம் போய் என்ன கதைத்தாள் என்று தெரியாது. நான் மேசைக்குத் திரும்பினேன்.

பிரஜாவுரிமைக்கான நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மலைகளின் பெயர் கேட்டார்கள், ஆறுகளைக் கேட்டார்கள். கடைசியாக, எந்தச் சங்கத்திலாவது பங்குபற்றுகிறீர்களா என்றார்கள்.

"சுடும் சங்கத்தில்," என்றேன்.

மூன்று தலையும் நிமிர்ந்தன. "சுடுவீர்களா?"

"இல்லை. சட்டப்படி எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் பாஸ்போட் தந்தால் சுடலாம்."

மேசைக்குக் கீழே இவர் என் காலை மிதித்தார். நடுவில் இருந்த அம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். சிவப்புப் பாஸ்போட் வந்தது. இந்த நாட்டு அலுவலகங்களைப் பற்றி எங்கள் ஆட்கள் குறை சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தண்ணீர்க் கோப்பைதான் நினைவுக்கு வரும்.

3

பாஸ்போட் வந்த பிறகு, என் முதல் ரவையைச் சுட்டுவிட்டு நான் எழும்பி வெளியே போய் நின்றேன். ரூத் பின்னால் வரவில்லை. ஆளை எப்போது தனியே விடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் நானே திரும்பிப் போய்ப் பாயில் படுத்தேன்.

இங்கே பெரும்பாலான போட்டிகளுக்கு எல்லாருக்கும் ஒரேமாதிரி ரவைதான். சில போட்டிகளில் மட்டும் நாமே செய்த ரவையைப் பாவிக்கலாம். ரூத் அதில் பைத்தியம். அவளுடைய நிலவறையில் ஒரு சின்னத் தராசும், கையால் இழுத்து அழுத்துகிற ஓர் இயந்திரமும் இருந்தன. சுட்ட வெற்றுக் கோதைத் துடைத்து, அளவெடுத்து, புது வெடிமருந்து போட்டு, அதன் வாயில் சன்னத்தை, அதாவது பறக்கிற குண்டை, பொருத்துவது. சொன்னால் இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு துவக்குக்கும் பிடித்தமான ஓர் அளவு இருக்கிறது. மருந்து ஒரு துளி கூடினால் ஐந்து சன்னமும் ஐந்து பக்கம் போகும். சரியான அளவு வந்துவிட்டால் ஐந்தும் ஒரு கோப்பிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கும். அந்த அளவைத் தேடிப் பிடிப்பதற்கு அவளுக்கு ஒரே ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மருந்தை மாற்றினால் சன்னத்தைத் தொடக்கூடாது. சன்னம் இறங்குகிற ஆழத்தை மாற்றினால் மருந்தைத் தொடக்கூடாது. இரண்டையும் ஒன்றாக மாற்றினால், நல்லது எதனால் வந்தது, கெட்டது எதனால் வந்தது என்று ஒருநாளும் தெரியாது.

எனக்கு அது புதிதாக இருந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எல்லாம் ஒரே நாளில் மாறின. மொழி, சாப்பாடு, குளிர், அயலட்டம், கூப்பிடுகிற பெயர். பிறகு எது நொந்தது என்று கேட்டால் எப்படிச் சொல்வது?

நாங்கள் செய்த ரவை ரூத்தின் கையில் அழகாகப் போனது. என் கையில் மூன்று நடுவில் போகும், இரண்டு கீழே வலப்பக்கம் விலகும். மருந்தைக் குறை சொன்னேன். கோதைக் குறை சொன்னேன். காற்றையும் விடவில்லை. ரூத் ஒரு சனிக்கிழமை என் பெட்டிக்குள் மருந்தே போடாத ரவைகளையும் கலந்து வைத்துவிட்டாள். எது எது என்று எனக்குத் தெரியாது. நான் விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. ஆனால் துவக்கின் முனை மட்டும் தானாகக் கீழே குத்தியது. என் கண் இறுக மூடியிருந்தது.

"ரவையில பிழை இல்லை," என்றாள் ரூத். "நீ சத்தத்துக்குக் காத்திருக்கிறாய். உடம்பு முதலே ஒடுங்குது."

"அதை எப்பிடி நிப்பாட்டுறது?"

"முள் பொருத்தேக்க, எப்ப இறங்கும் எண்டு காத்திருக்கிறியோ?"

"இல்லை. மெல்ல அழுத்திக்கொண்டிருப்பன். அது தானாக இறங்கும்."

"அவ்வளவுதான்," என்றாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் இருக்கிற நடைபாதையில் வெறும் துவக்கோடு பயிற்சி. எதிர்ச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டி, படுத்து, பாதி மூச்சை விட்டு, விசையை மெல்ல மெல்ல அழுத்துவேன். டிக் என்று ஒரு சத்தம். முனை அசையக்கூடாது. இவர் அறைக்குள் ரீவி பார்த்துக்கொண்டிருப்பார்.

"சுவருக்கு இண்டைக்கு எத்தினை புள்ளி?" என்று கேட்பார்.

துவக்கு வீட்டுக்கு வரலாம், மருந்தும் ரவையும் வரக்கூடாது என்பது எனக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அவை ரூத்தின் நிலவறையிலேயே இருந்தன. இன்றும் அப்படித்தான்.

என் டொச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். துவக்குக்குப் போடுகிற மருந்தளவுக்கு டொச்சில் 'லாடுங்'. அதற்கு முன்னால் 'ஐன்' சேர்த்தால் 'ஐன்லாடுங்', விருந்துக்கு அழைப்பு. முன்னால் வருகிற இந்த 'ஐன்' செய்கிற வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் சங்கத்தில் பெருமையாக, "நானும் ரூத்தும் வாற சனிக்கிழமைக்குப் புது ஐன்லாடுங் செய்திருக்கிறம்," என்றேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வால்ட்டர் மிகவும் நன்றி என்றார். இன்னொருவர் மனைவியையும் கூட்டி வரலாமா என்று கேட்டார். காரில் ஏறிய பிறகுதான் ரூத் சிரித்துச் சிரித்து விளங்கப்படுத்தினாள். அந்தச் சனிக்கிழமை எங்கள் சின்ன வீட்டில் பதினொரு சுவிஸ்காரர் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் சாப்பிட்டு, மூக்கைத் துடைத்துத் துடைத்து, இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். அந்த வருடத்திலிருந்து அது சங்கத்தின் வழமையாகிவிட்டது. ஒரு பிழையான சொல்லால் எனக்கு இவ்வளவு பேர் கிடைத்தார்கள்.

4

அந்த விருந்துக்கு வராத ஓர் ஆள் என் மகன் நிரூபன்.

இங்கே ஆண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இராணுவத்தில் இருந்து அழைப்பு வரும். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பலர் போகிறார்கள். தகப்பன்மார் அந்தச் சீருடைப் படத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள். இவன் ஒரு ஞாயிறு மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி சொன்னான்.

"நான் ஆமிக்குப் போகமாட்டன். சிவில் சேவை செய்யப் போறன்."

சிவில் சேவை என்றால், துவக்கு எடுக்க மனம் ஒப்பவில்லை என்கிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வேறு வேலை. முதியோர் இல்லம், காடு, ஆஸ்பத்திரி. இராணுவத்தைவிட ஒன்றரை மடங்கு காலம் செய்யவேண்டும்.

இவருக்குப் பயம். "புதுசாப் பாஸ்போட் எடுத்த ஆக்கள் நாங்கள். என்ன நினைப்பினம்? அம்மாவே துவக்கு வைச்சிருக்கிறா..."

"அம்மா விளையாடுறா. என்னை ஆளைச் சுடப் பழக்குவினம்," என்றான் அவன்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். "அதோட அம்மா, அது இந்த வீட்டில இருக்கேக்க எனக்கு இங்க நித்திரை வருகுதில்லை."

ரூத் வீட்டில் கொண்டுபோய் வைக்கட்டா என்று கேட்டேன். "பிரச்சினை துவக்கு எங்க இருக்குது எண்டதில்லை அம்மா. உங்களுக்கு அது ஏன் பிடிக்குது எண்டு எனக்கு விளங்கேல்லை," என்றான். எனக்கும் அதைத் தமிழில் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. டொச்சும் பிரெஞ்சும் பேசுகிற எங்கள் நகரத்தில் அவன் படித்த பிரெஞ்சில் எனக்கு அதற்குச் சொல்லே இல்லை.

படிப்பைச் சாட்டி நொஷாட்டல் நகரத்தில் நண்பர்களோடு ஒரு வீடு எடுத்தான். ஞாயிறுகளில் சாப்பிட வருவான். பொழுதுபடுவதற்குள் ரயில் பிடித்துவிடுவான். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். கோவிலில் ஓர் அக்கா என்னிடம், "உங்கட வீட்டில தாய் சுடுறா, பெடியன் மாட்டனெண்டுறான். நல்ல புதினம்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவனுடைய அறையைக் கூட்டினேன். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

5

மாநிலப் போட்டிக்கு எங்கள் சங்கத்திலிருந்து நான்கு பேரைத் தெரிவு செய்கிற சனிக்கிழமை அது. பத்துப் பத்து வெடியாக ஆறு தொடர் சுடவேண்டும். பங்குனி முடிகிற நேரம். காற்றே இல்லை. பனிக்காலம் முழுக்க நானும் ரூத்தும் தேடிய அளவு, அந்தத் துவக்குக்குப் பிடித்த அளவு, கடைசியில் அகப்பட்டிருந்தது. மூன்று தொடர் முடிய நான் இரண்டாம் இடத்தில் இருந்தேன். ரூத்துக்கு முன்னால். என் வாழ்க்கையில் நான் அதைவிட நன்றாகச் சுட்டதில்லை.

அடுத்த குழு சுட்டுக்கொண்டிருந்த என் இடைவேளையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. நிரூபன். சனிக்கிழமைகளில் அவன் எடுப்பதில்லை.

"அம்மா, நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"சுடுற இடத்தில."

"காட்டுக்குப் பக்கத்தில, மேட்டிலயோ?"

"ஓம். ஏன்?"

"அப்ப இந்தச் சத்தம் நீங்கள்தான்," என்றான்.

சிவில் சேவைக்கு அவனை அகதிகள் தங்குமிடம் ஒன்றில் போட்டிருந்தார்கள். அது எங்கள் மேட்டுக்கு மறுபக்கம் இருக்கிற பழைய பள்ளிக்கூடம். ஒருநாளும் நான் சுடுகிற இடத்துக்கு வராதவன், இரண்டுக்கும் இடையில் ஒரு மேடுதான் என்று எப்படி அறிவான்? நானும் அவனுடைய பள்ளிக்கூடம் எது என்று கேட்டு வைத்திருக்கவில்லை.

"நேற்றுப் பின்னேரம் சிரியாவில இருந்து ஆக்கள் வந்தவை. ஒரு தாய் ரெண்டு பிள்ளையளோட குளியலறைக்குள்ள போய்ப் பூட்டிப்போட்டா. ஒவ்வொரு வெடிக்கும் சின்னது கத்துது. நான் என்ன சொன்னாலும் திறக்கிறா இல்லை. நிப்பாட்டச் சொல்லுங்கோ அம்மா."

நான் வால்ட்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் புள்ளி எழுதுகிற அட்டை.

"நேரம் கிராம சபைப் பலகையில இருக்கே, மலர்."

"நேற்று வந்தவை. அவைக்கு ஆர் பலகையைக் காட்டினது?"

அவர் அட்டையைப் பார்த்தார். வரிசையில் படுத்திருந்தவர்களைப் பார்த்தார். மணியை அழுத்தினார். எல்லாத் துவக்கும் திறந்தது. "எங்களுக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் மெதுவாக. பிறகு, "நீ திரும்பி வராட்டி உன்ரை மிச்சத் தொடரை நான் எழுதேலாது," என்றார்.

"தெரியும்."

தோல் சட்டையைக் கழற்றிப் பாயில் போட்டுவிட்டு, ரூத்திடம் சாவியை வாங்கி, அவளுடைய காரை நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

நிரூபன் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்திருந்தான். உள்ளே ஒரு பிள்ளை விக்கிக்கொண்டிருந்தது. நான் அவன் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அரபு தெரியாது, அவளுக்கு டொச் தெரியாது. அதனால் தமிழிலேயே கதைத்தேன். "பிள்ளை, முடிஞ்சுது. இனிச் சத்தம் வராது. பயப்பிடாதேங்கோ. ஆறுதலாத் திறவுங்கோ." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் என் முதல் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் வந்து இறங்கிய முகாம். காலையில் எங்கேயோ பக்கத்தில் வெடிக்கத் தொடங்கியது. அந்த அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் கட்டிலுக்குக் கீழே போய்விட்டோம். மத்தியானம் சாப்பாட்டு வண்டியோடு வந்த மனிதர் வெற்று அறையைப் பார்த்துத் திகைத்து, பிறகு குனிந்து, கட்டிலுக்குக் கீழே என்னிடம், "சூப்?" என்று கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் தட்டை அங்கேயே தள்ளிவிட்டார். நான் படுத்தபடியே குடித்தேன்.

இதை மகனுக்குச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான், பிறகு நிறுத்திவிட்டான்.

"நீங்கள் இதை ஒருநாளும் சொல்லேல்லையே அம்மா."

"கேட்டனியோ?"

கதவு திறந்தது.

அவள் பெயர் ரீமா. முப்பது வயதிருக்கும். நிரூபனின் தொலைபேசி மொழிபெயர்த்துக் கொடுக்க, அவள் முதலில் கேட்டது, அவர்கள் யாரைச் சுடுகிறார்கள் என்று.

"ஒருத்தரையும் இல்லை. கடதாசி மட்டையை."

நம்பவில்லை. காட்டு என்றாள்.

நாங்கள் ஐந்து பேரும் ரூத்தின் காரில் மேட்டுக்குப் போனோம். வால்ட்டர் அவளை இலக்குகள் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். கறுப்பு வட்டத்தை அவள் கையால் தொட்டுப் பார்த்தாள். பின்னால் இருக்கிற மண்திட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து, காதுக் கவசத்தைப் பிள்ளைகளுக்கு மாட்டி, தானும் மாட்டிக்கொண்டு, இப்போது சுடச் சொல் என்றாள். தான் பார்த்துக்கொண்டிருக்கும்போது சத்தம் வரட்டும் என்றாள். என் கையை மட்டும் விடவில்லை. அதனால் நான் சுடவில்லை. ரூத் சுட்டாள். ஒவ்வொரு வெடிக்கும் ரீமாவின் விரல்கள் என் கையை நெரித்தன. தொடர் முடிகிற நேரம் பிடி தளர்ந்தது. மூத்த பிள்ளை தரையில் கிடந்த வெற்றுக் கோது ஒன்றை எடுத்தது. அவள் அதை வாங்கித் திரும்பத் தரையில் வைத்தாள்.

அந்த வருடம் அணியில் என் பெயர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து, சுடுகிற நாளுக்கு முதல் நாள், சங்கத்திலிருந்து ஒருவர் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் நேரத்தைச் சொல்லிவிட்டு வருகிறார். அந்த யோசனை என்னுடையதல்ல. வால்ட்டருடையது. முதல் தடவை அவரே போனார்.

6

அன்று பின்னேரம் நிரூபன் என்னோடு பீல் வரைக்கும் வந்தான். பாதி வழியில் தமிழில் கேட்டான்.

"சுதன் மாமாவும் துவக்கு வைச்சிருந்தவரோ?"

"இயக்கத்தில குடுத்தவை."

"அவர் விரும்பியோ?"

"பத்தொன்பது வயசு. வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவை. அவனிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. அவனுக்குக் கோழி உரிக்கிறதைக்கூடப் பாக்கேலாது."

ரயில் ஏரியோரம் போய்க்கொண்டிருந்தது. அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டு, "நான் மாட்டனெண்டு சொன்னபோது நீங்கள் கோவமோ?" என்றான்.

"இல்லை ராசா. நீ சொன்னாய், அவங்கள் சரி எண்டாங்கள். இப்பிடியும் ஒரு நாடு இருக்கோ எண்டு நான் யோசிச்சுக்கொண்டிருந்தன். அப்பாவுக்கு முன்னால சொல்லத் தெரியேல்லை."

அந்த இரவு அவன் தன் பழைய அறையிலேயே தங்கினான். காலையில் எழுப்பவும் மனம் வரவில்லை, அப்படி ஒரு நித்திரை.

அடுத்த வருடம் நான் அணிக்குத் தெரிவானேன். மாநிலப் போட்டிக்கு அவன் வந்தான். "நான் ஒருநாளும் சுடமாட்டன் அம்மா. பாக்க வரட்டோ?" என்று முந்தின கிழமையே கேட்டிருந்தான். என் பின்னால், நான் முன்பு ரூத்துக்காக உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தான். இரண்டு தொடர் முடிந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் அணி கடைசியில் ஐந்தாவதாக வந்தது, எனக்கு அதுவே பெரிது.

நான் சொல்ல வந்தது அந்த இடைவேளையைப் பற்றி. வால்ட்டர் ஒரு துவக்கோடு அவனிடம் வந்தார். பக்கத்தில் பயிற்சிக்கென்று ஒரு தடம் திறந்திருந்தது. "நீயும் ஒண்டு சுட்டுப் பாரன்," என்று நீட்டினார். அன்பாகத்தான் நீட்டினார். கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

நிரூபன், "வேண்டாம், நன்றி," என்றான்.

நான் பாயில் படுத்தபடி திரும்பிப் பார்த்தேன். வால்ட்டரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சரி என்று தலையாட்டினார். துவக்கைத் திறந்து பார்த்து, கொண்டுபோய் அதை வைக்கிற தாங்கியில் சாய்த்துவிட்டு, திரும்பி வந்து கேட்டார்.

"கோப்பி குடிப்பியோ? பாலோடையோ, பால் இல்லாமலோ?"

"பாலோட," என்றான் என் மகன்.

அடுத்த தொடருக்கு மணி அடித்தது. பக்கத்தில் எல்லாரும் சுடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் கறுப்பு வட்டம் தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தது. அது தெளியும் வரைக்கும் நான் விரலை விசையில் வைக்காமல் பொறுத்திருந்தேன்.